ப்ரைமோஜெம்மை இறுக்கிப் பிடியுங்கள்: கென்ஷின் இம்பாக்டில் முதல் மாதம்

கென்ஷின் இம்பாக்டைப் புதிதாக இறக்கி விளையாடத் தொடங்கும் பிள்ளைகள் பலரைப் பார்த்துவிட்டேன். சண்டையில் அவர்கள் திணறுவதில்லை, மலையேறுவதிலும் புதிர்களிலும்கூடச் சமாளித்துவிடுகிறார்கள். தடுக்கி விழுவது ஏறக்குறைய எல்லோருமே ஒரே இடத்தில்தான். முதல் நாள் மாலை கைக்கு வரும் ப்ரைமோஜெம் கற்களை அன்றைக்கே குலுக்கலில் போட்டுக் காலி செய்துவிடுகிறார்கள். மூன்றாம் வாரம் மனதுக்கு உண்மையிலேயே பிடித்த ஒரு கதாபாத்திரம் பேனரில் வரும்போது கையில் ஒன்றும் இருப்பதில்லை. அப்போதுதான் அப்பாவின் கார்டு எண் ஞாபகத்துக்கு வருகிறது. இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அந்த ஒரு இடத்தைப் பற்றியது. மற்றவற்றை வேகமாகக் கடந்துவிடுவோம்.

விளையாட்டை அறியாதவர்களுக்கு இரண்டு வரி. ஷாங்காயின் மிஹோயோ நிறுவனம் 2020 செப்டம்பர் 28 அன்று கைபேசி, கணினி, பிளேஸ்டேஷன் மூன்றிலும் ஒரே நாளில் வெளியிட்ட ஆக்‌ஷன் ரோல்பிளேயிங் விளையாட்டு இது. விளையாடக் காசு வேண்டாம். டேவாட் என்கிற பரந்த உலகத்தில் நால்வர் அணியோடு திரிகிறோம். ஒவ்வொருவருக்கும் தீ, நீர், பனி, மின்னல், காற்று, பாறை, தாவரம் என்ற ஏழில் ஒரு எலிமெண்ட். புதிய ஆட்களை அணியில் சேர்க்கும் முக்கிய வழி குலுக்கல். கச்சா என்று சொல்லப்படுவது இதைத்தான். குலுக்கல் நடக்கும் ஒவ்வொரு பட்டியலும் ஒரு பேனர்.

இறக்கும் முன்

கைபேசியில் 30 ஜிபியாவது காலியாக வைத்துக்கொள்ளுங்கள். குரல் கோப்புகளில் ஒரே ஒரு மொழியை மட்டும் இறக்குங்கள். சீனம், ஜப்பானியம், கொரியன், ஆங்கிலம் என நான்கு இருக்கின்றன. என் ஓட்டு ஜப்பானியக் குரலுக்கு. வசனத்தைத் திரையில் ஆங்கிலத்தில் படித்துக்கொள்ளலாம். முடித்த கதைப்பகுதிகளின் கோப்புகளைப் பின்னால் நீக்கி இடம் மீட்க செட்டிங்ஸிலேயே வசதி உண்டு.

சர்வர் தேர்வை மட்டும் நிதானமாகச் செய்யுங்கள். அமெரிக்கா, ஐரோப்பா, ஆசியா, தைவான்–ஹாங்காங்–மக்காவ் என்று நான்கு வரும். சென்னையிலோ கொழும்பிலோ இருந்தால் ஆசியாதான். ஒரு சர்வரில் சேர்த்ததை இன்னொன்றுக்கு மாற்ற வழியே கிடையாது. அதே மின்னஞ்சலில் வேறு சர்வருக்குப் போனால் முதல் லெவலில் இருந்து தொடங்க வேண்டியதுதான். சேர்ந்து விளையாட நண்பர்கள் இருந்தால், அவர்கள் எந்தச் சர்வரில் இருக்கிறார்கள் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கிராஃபிக்ஸை மீடியத்தில் வையுங்கள், நிழலைக் குறையுங்கள், சார்ஜ் போட்டபடி விளையாடாதீர்கள். 60 எஃப்.பி.எஸ். பார்க்க அழகுதான். ஆனால் நடுத்தர விலைக் கைபேசி சூடேறி, சண்டையின் நடுவில் திக்க ஆரம்பித்தால் அந்த அழகால் பயனில்லை. சீராக ஓடும் 30 போதும்.

முதல் சில மணி நேரம்

கதையைத் தொடர்ந்து போங்கள். குறுக்கு வழி எதையும் தேடாதீர்கள். இந்த உலகம் முதல் பார்வையில் ஏற்படுத்தும் வியப்பு உண்மையானது, அதை அவசரப்பட்டு வீணாக்க வேண்டாம். ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளுங்கள். மான்ஸ்டாட் நகரத்து இசையை வாசித்திருப்பது லண்டன் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு. கைபேசியின் ஸ்பீக்கரில் அது பாதிகூட வந்து சேராது.

கதைப்போக்கிலேயே ஆம்பர், கேயா, லிசா மூவரும் இலவசமாக வந்து சேர்வார்கள். இவர்களை ஒப்புக்கு வந்தவர்கள் என்று ஒதுக்காதீர்கள், விளையாட்டைக் கற்றுக்கொடுப்பதே இவர்கள்தான். சைடர் ஏரிக்கரைக்குப் போய் நின்று, தண்ணீரைப் பார்த்துக் கேயாவின் ஸ்கில்லைத் தட்டிப் பாருங்கள். தண்ணீரின் மேல் ஒரு பனித்தட்டு உறைந்து நிற்கும். அதில் ஏறி நின்று, ஸ்கில் திரும்ப வந்ததும் அடுத்த தட்டை உறைய வைக்கலாம். இப்படியே நீந்தாமல் அக்கரை சேர்ந்துவிடலாம். யாரும் இதைச் செய்யச் சொல்வதில்லை, எந்தக் குவெஸ்ட்டிலும் இல்லை. ஹிலிச்சர்ல் என்ற எதிரிகள் மரக்கேடயத்தைப் பிடித்துக்கொண்டு வரும்போது வாளால் வெட்டிக்கொண்டே இருப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுமை போய்விடும். ஆம்பரின் ஒரே ஒரு தீயம்பு போதும், கேடயம் எரிந்து போகும் என்பதை அவர்களே ஒருமுறை கண்டுவிட்டால் பிறகு சொல்ல வேண்டியதில்லை.

சண்டையின் சூட்சுமம் முழுவதும் இதில் இருக்கிறது. ஒரு எலிமெண்ட்டைப் பூசி, அதன் மேல் இன்னொன்றை அடித்தால் ரியாக்‌ஷன் பிறக்கும். பனி ஒட்டியிருக்கும் எதிரியைத் தீயால் அடித்தால் அந்த அடி இரண்டு மடங்கு. அதுவே தீ ஒட்டியவனைப் பனியால் அடித்தால் ஒன்றரை மடங்குதான். நீரும் தீயும் சேரும்போது நீர் கடைசியாகப் பட்டால் இரண்டு மடங்கு, தீ கடைசியாகப் பட்டால் ஒன்றரை. எது முதலில், எது பிறகு என்ற வரிசை விரலில் ஊறிவிட்டால் இலவச அணியை வைத்தே முதல் மாதம் முழுக்க ஓட்டிவிடலாம். ஒரே ஆளை நிறுத்தி அட்டாக் பட்டனையே தட்டிக்கொண்டிருப்பது விளையாட்டே இல்லை. ஸ்கில் போட்டு, ஆளை மாற்றி, மறுபடி ஸ்கில் போட்டு, மறுபடி ஆளை மாற்றி விளையாடுங்கள்.

தொடுதிரையில் வில்லால் குறிபார்ப்பது மட்டும் கடைசிவரை தொல்லைதான். பறக்கும் எதிரியை வலதுகைப் பெருவிரலால் துரத்திச் சலிக்காதீர்கள். ஓரிடத்தில் நின்று அது நேராக வரும்போது அடியுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்: விஷ்

திரையில் மூன்று விதமான சொத்து சேர்வதைப் பார்ப்பீர்கள். முதலாவது ப்ரைமோஜெம். பெட்டி திறந்தால், குவெஸ்ட் முடித்தால், நாள் வேலை செய்தால் வருவது. இரண்டாவது அக்வெயின்ட் ஃபேட், நீல நிறத்தது. அது நிரந்தர பேனருக்கும் தொடக்கக்காரர் பேனருக்கும் மட்டும் செல்லும். மூன்றாவது இன்டர்ட்வைன்ட் ஃபேட், இளஞ்சிவப்பு கலந்தது. அது குறிப்பிட்ட காலத்துக்கு வரும் ஈவென்ட் பேனருக்கு. ஒரு ஃபேட்டின் விலை 160 ப்ரைமோஜெம். ஒரு ஃபேட் என்றால் ஒரு விஷ், அதாவது ஒரு குலுக்கல்.

மனப்பாடம் செய்ய வேண்டிய விதி இது ஒன்றுதான்: ப்ரைமோஜெம்மைக் கொடுத்து நீல ஃபேட் வாங்கவே கூடாது. நீலம் தானாகவே கிடைத்துக்கொண்டிருக்கும். லெவல் ஏறும்போது பரிசாக வரும், மாதாமாதம் கடையிலும் கிடைக்கும். அப்படிக் கிடைத்த நீலத்தை நிரந்தர பேனரில் எப்போது வேண்டுமானாலும் போடுங்கள், கவலை இல்லை. ப்ரைமோஜெம் மட்டும் ஈவென்ட் பேனருக்கென்றே இருக்க வேண்டும்.

ஆனால் நீலத்தை முதலில் போட வேண்டிய இடம் தொடக்கக்காரர் பேனர். பத்து விஷ்ஷை எட்டு ஃபேட்டுக்குத் தருவார்கள், மொத்தம் இருபது விஷ்தான் போட முடியும். முதல் பத்திலேயே நோயல் உறுதி. நோயல் நான்கு நட்சத்திரப் பாறைப் பெண் (நட்சத்திரம் கூடக் கூட ஆள் அரிது, உச்சம் ஐந்து). கேடயமும் தருவாள், காயமும் ஆற்றுவாள், அடியும் பலமாக அடிப்பாள். புதியவருக்கு இதைவிட நல்ல துணை கிடையாது. கிடைக்கும் நீல ஃபேட்டில் முதல் எட்டை இங்கே போடுங்கள், அடுத்த எட்டையும் இங்கேயே.

இப்போது கணக்கு. கதாபாத்திர ஈவென்ட் பேனரில் ஒரு விஷ்ஷுக்கு ஐந்து நட்சத்திர ஆள் கிடைக்கும் வாய்ப்பு 0.6 சதவீதம். நிறுவனமே பேனரின் விவரப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது, திறந்து படியுங்கள். பத்து விஷ்ஷை ஒன்றாகப் போட்டால்? நூறு பேர் போட்டால் சுமார் 94 பேருக்கு ஐந்து நட்சத்திரம் வராது. வீடியோவில் ஒருவருக்கு முதல் பத்திலேயே வந்திருக்கும். அந்த மற்ற 94 பேர் வீடியோ போடுவதில்லை.

ஆனால் 90ஆவது விஷ்ஷுக்குள் ஐந்து நட்சத்திரம் ஒன்று கட்டாயம் வந்தாக வேண்டும். பிட்டி என்பது இந்த உத்தரவாதம்தான். இன்னொன்றும் உண்டு. 74ஆவது விஷ்ஷிலிருந்து வாய்ப்பு ஒவ்வொன்றுக்கும் மளமளவென்று ஏறுகிறது. நிறுவனத்தின் பக்கத்தில் இது இல்லை. விளையாடுகிறவர்கள் தங்கள் குலுக்கல்களைத் திரட்டிக் கண்டுபிடித்த கணக்கு. இதன்படி, 73 விஷ்ஷுக்குள் ஐந்து நட்சத்திரம் பார்ப்பவர்கள் மூன்றில் ஒருவர்தான். மற்ற இருவரில் பெரும்பாலோருக்கு 74க்கும் 80க்கும் இடையில் வந்துவிடும். ஆகவே 80 விஷ், அதாவது 12,800 ப்ரைமோஜெம் சேர்ந்த பிறகு பேனருக்குள் காலை வையுங்கள். அதற்கு முன் வேண்டாம்.

இன்னும் ஒரு கண்டம் பாக்கி இருக்கிறது. வந்த ஐந்து நட்சத்திரம் பேனரில் படம் போட்ட ஆள்தானா என்பது ஏறக்குறைய சரிபாதி வாய்ப்பு. தவறினால் நிரந்தரப் பட்டியலில் இருக்கும் டிலூக், ஜீன், மோனா, கேச்சிங் போன்ற ஒருவர் வருவார். 2024 ஆகஸ்ட்டில் வந்த 5.0 பதிப்பிலிருந்து இந்த வாய்ப்பைச் சற்று உயர்த்தி, மொத்தக் கணக்கில் 55 சதவீதமாக்கியிருக்கிறார்கள். அப்படியும் தோற்பவர்கள் நிறைய. ஒருமுறை தோற்றால், அடுத்த ஐந்து நட்சத்திரம் படம் போட்ட ஆளாகவே வரும், அது உறுதி. மிக மோசமான நிலையில் ஒருவரைக் கைப்பற்ற 180 விஷ், 28,800 ப்ரைமோஜெம்.

இந்த இடத்தில் பதற்றப்படுகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். பாதியில் தோற்றுவிட்டு, "இன்னும் கொஞ்சம் போட்டால் வந்துவிடும்" என்று கையிருப்பை முழுக்க இறைப்பார்கள். வேண்டியதே இல்லை. எத்தனை விஷ் போட்டிருக்கிறோம் என்ற எண்ணிக்கையும், அடுத்தது உறுதி என்ற நிலையும் பேனர் முடிந்தாலும் அழியாது, அடுத்த கதாபாத்திர ஈவென்ட் பேனருக்கு அப்படியே தொடரும். ஒரு பேனர் சுமார் மூன்று வாரம் ஓடும், பிறகு இன்னொன்று வரும். இன்று போன ஆள் பின்னால் ஒருநாள் மறுஓட்டத்தில் திரும்பி வருவார். தோற்ற உடனே விளையாட்டை மூடிவிட்டு எழுந்து போங்கள். உறுதி உங்கள் கையில் இருக்கிறது, அதை உண்மையிலேயே பிடித்தவருக்கு வைத்துக்கொள்ளலாம்.

எண்ணிக்கையைத் தெரிந்துகொள்ள பேனரின் ஹிஸ்டரி பக்கத்தைத் திறந்து, கடைசி ஐந்து நட்சத்திரத்துக்குப் பிறகு எத்தனை வரிகள் என்று எண்ணுங்கள். பதிவு ஏற ஒரு மணி நேரம் வரை ஆகலாம். காகிதத்தில் குறித்துவைப்பது என் பழக்கம், அதையே உங்களுக்கும் விதியாகச் சொல்கிறேன். எண் கண்ணெதிரே இருந்தால் கை தானாக நிற்கும்.

"பிட்டி ஏற்றி வைக்கிறேன்" என்று பிடிக்காத பேனரில் ஒன்றிரண்டாகப் போடும் வழக்கம் ஒன்று இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். பிடிக்காத ஆள் வந்துவிட்டால் சேர்த்த எண்ணிக்கை பூஜ்ஜியமாகும், கையில் இருந்த உறுதியும் போகும்.

ஆயுத பேனர் பக்கம் முதல் வருடம் தலைவைத்தே படுக்காதீர்கள். பெட்டிகளில் கிடைக்கும் மூன்று நட்சத்திர ஆயுதங்களிலேயே பொக்கிஷங்கள் உண்டு. த்ரில்லிங் டேல்ஸ் ஆஃப் ட்ராகன் ஸ்லேயர்ஸ் என்ற புத்தகத்தைத் துணை ஆளிடம் கொடுத்துப் பாருங்கள். அவர் வெளியேறி அடுத்தவர் உள்ளே வரும்போது, வந்தவரின் தாக்குதல் பலம் 24 சதவீதம் கூடும். அதே புத்தகம் இன்னும் நான்கு கிடைத்து ஒன்றாகச் சேர்த்தால் 48 சதவீதம்.

விஷ் போட்டதும் வானத்திலிருந்து ஒரு எரிகல் விழும். நீலமாக இருந்தால் மூன்று நட்சத்திரம், ஊதா என்றால் நான்கு, பொன்னிறம் என்றால் ஐந்து. நிறம் மாறுகிறதா என்று நெஞ்சு படபடக்கும் அந்தச் சில நொடிகளை எவ்வளவோ யோசித்துக் கட்டியிருக்கிறார்கள். அடுத்த பத்தைப் போட விரல் போவது அந்த நொடியில்தான். புதியவர்கள் முதலிலிருந்தே ஸ்கிப் பட்டனைத் தட்டிப் பழக வேண்டும் என்பதே என் கட்சி.

நான்கு நட்சத்திர ஆட்கள் பத்து விஷ்ஷுக்கு ஒருவராவது வருவார்கள், வராவிட்டால் ஆயுதமாவது வரும். பென்னெட், ஷிங்சியூ, ஷியாங்லிங் மூவரும் விளையாட்டு வந்த நாளிலிருந்து இன்றுவரை மதிப்பு குறையாதவர்கள். ஷியாங்லிங்குக்கு விஷ் வீணாக்காதீர்கள். அட்வெஞ்சர் ரேங்க் (விளையாடுபவரின் லெவல்) 20இல் திறக்கும் ஸ்பைரல் அபிஸ் என்ற சண்டைக்களத்தில் மூன்றாம் தளத்தின் மூன்றாம் அறையை முடித்தால் இலவசமாக வருவாள். அவள் தீ, கேயா பனி. இரண்டு மடங்கு கணக்கு மேலே சொன்னேன். மற்ற இருவரும் விளையாட்டுக்குள் இருக்கும் பைமோன் கடையில் மாதம் மாறி மாறி 34 ஸ்டார்கிளிட்டருக்கு வரும் பட்டியலில் எப்போதாவது தலைகாட்டுவார்கள். ஸ்டார்கிளிட்டரும் ஸ்டார்டஸ்ட்டும் விஷ் போடும்போது கூடவே கிடைப்பவை. அதற்காக ஸ்டார்கிளிட்டரைச் சேர்த்து வையுங்கள். அதே கடையில் மாதம் ஐந்து இன்டர்ட்வைன்ட் ஃபேட்டை ஸ்டார்டஸ்ட்டுக்கு, ஒன்று 75 வீதம், தருகிறார்கள். ஒவ்வொரு மாதமும் முதல் வேலையாக அதை வாங்கிவிடுங்கள். ஸ்டார்டஸ்ட்டை வேறு எதற்கும் செலவழிக்காதீர்கள்.

ரெசின்

பாஸ், டொமைன் போன்ற இடங்களில் பரிசை எடுக்கச் செலவழிக்கும் சக்திதான் ரெசின். விஷ்ஷுக்கு அடுத்தபடியாக வீணாவது இது. எட்டு நிமிடத்துக்கு ஒன்று ஊறும், 200 வரை நிற்கும். அதற்கு மேல், நிரம்பி வழியும் தொட்டியைப் போல வீணே போகும். பூஜ்ஜியத்திலிருந்து நிரம்ப 26 மணி 40 நிமிடம் ஆகும், ஆகவே நாளுக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தால் போதும். ரெசினுக்காக அலாரம் வைப்பவர்கள் அதை இன்றே எடுத்துவிடுங்கள்.

செலவு செய்ய வேண்டிய இடம்தான் முக்கியம். தொடக்கத்தில் லே லைன் பூக்களுக்கும் (ஒரு பூவுக்கு 20 ரெசின், அனுபவப் புத்தகமோ மோரா என்ற விளையாட்டுப் பணமோ தரும்), ஆளையும் திறனையும் உயர்த்தத் தேவையான பொருள்களைத் தரும் பாஸ் எதிரிகளுக்கும் டொமைன் என்ற சண்டை அறைகளுக்கும் மட்டும். ஆட்கள் அணியும் ஆர்ட்டிஃபாக்ட்டைத் தரும் டொமைனுக்கு ரேங்க் 45 வரை போகவே கூடாது. 45இல்தான் ஒரு தடவைக்கு ஒரு ஐந்து நட்சத்திர ஆர்ட்டிஃபாக்ட் உறுதியாகக் கிடைக்கும். அதுவரை பெட்டியிலும் பாஸிடமும் கிடைக்கும் நான்கு நட்சத்திரத் துண்டுகளை மாட்டிக்கொண்டு ஓட்டுங்கள்.

அட்வெஞ்சர் ரேங்க் ஏற ஏற எதிரிகளும் வலுக்கிறார்கள். எட்டுப் பேரைக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்த்தவர்கள் ரேங்க் 30ஐத் தாண்டும்போது எல்லாச் சண்டையிலும் அடிவாங்கி, விளையாட்டையே தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். நால்வரை மட்டும் வளருங்கள். அதிலும் முதலில் அடிக்கிற ஒருவரையும் அவர் கையிலுள்ள ஆயுதத்தையும் அப்போதைய உச்ச லெவலுக்குக் கொண்டுபோங்கள், பிறகு மற்ற மூவர். அனுபவப் புத்தகம் மிச்சமிருக்கிறது என்பதற்காக ஐந்தாவது ஆளுக்குக் கொடுக்காதீர்கள்.

நாள் வேலை

ரேங்க் 12இல் நாள் கமிஷன்கள் திறக்கும். நான்கு வேலைக்குப் பத்துப் பத்து, முடித்து, அட்வெஞ்சரர்ஸ் கில்டின் வரவேற்பாளர் கேத்தரினிடம் சொன்னால் இன்னொரு இருபது, ஆக நாளுக்கு 60 ப்ரைமோஜெம். முப்பது நாளில் 1,800, அதாவது பதினொரு விஷ். கமிஷன் சலித்துப்போனால் அன்றைக்குத் திறந்த பெட்டிகளையும் முடித்த குவெஸ்ட்டுகளையும் அதற்கு ஈடாகக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். நிறுவனத்தின் ஹோயோலேப் செயலியில் தினம் வருகை போட்டால் மாதம் 60. ஆறு வாரத்துக்கு ஒருமுறை வரும் புதிய பதிப்புக்கு முன்பு நடக்கும் நேரலையில் மூன்று பரிசுக் குறியீடுகள் தருவார்கள், மொத்தம் 300. அவை சீக்கிரம் காலாவதியாகும், கண்ட உடனே போட்டுவிடுங்கள். குறியீட்டைப் போட ரேங்க் 10 ஆகியிருக்க வேண்டும்.

உண்மையான புதையல் இவற்றில் இல்லை, உலகத்தில் இருக்கிறது. மான்ஸ்டாட், லியூ என்ற முதல் இரண்டு நாடுகளும் புதியவருக்கு முழுதாகக் காத்திருக்கின்றன. வரைபடத்தைத் திறக்கும் சிலைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு, பெட்டி பெட்டியாகச் சுற்றினால் ப்ரைமோஜெம் தானாகக் குவியும். பழைய ஆட்களுக்கு இல்லாத வசதி இது. விஷ் போட ஏங்கும் நேரத்தில் எழுந்து ஒரு மலையைச் சுற்றிவாருங்கள் என்றுதான் பிள்ளைகளிடம் சொல்வேன்.

காசு கட்ட வேண்டுமா?

கட்டாமலே கதை முழுவதையும் முடிக்கலாம். கட்டியே தீருவேன் என்பவர்களுக்கு நான் ஒப்புக்கொள்வது வெல்கின் மூன் என்ற முப்பது நாள் பொதி ஒன்றுதான். அமெரிக்க விலை 4.99 டாலர். உடனே 300 கிரிஸ்டல் (ஒன்றை ஒரு ப்ரைமோஜெம்மாக மாற்றிக்கொள்ளலாம்), பிறகு முப்பது நாளும் நாளுக்கு 90 ப்ரைமோஜெம், கூட்டினால் 3,000. உள்ளே வராத நாளின் 90 போனது போனதுதான், ஆகவே தேர்வு மாதத்தில் வாங்காதீர்கள். 99.99 டாலர் பொதியில், முதல்முறை சலுகையைக் கழித்துவிட்டால், 8,080 கிரிஸ்டல் வரும். ஐம்பது விஷ். மேலே சொன்ன மோசமான 180 விஷ்ஷுக்கு இதுபோல நான்கு பொதி தேவை. ஒரே ஒரு கதாபாத்திரத்துக்கு!

வீட்டில் பதினாறு வயதுக்குள் பிள்ளை இருந்தால், முதலில் பிளே ஸ்டோரில் ஒவ்வொரு வாங்கலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி மாற்றுங்கள். சேமித்த கார்டை நீக்குங்கள். இது வீண் பயமில்லை. 2025 ஜனவரியில் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் விளையாட்டை வெளியிடும் நிறுவனத்தின் மேல் வைத்த குற்றச்சாட்டு, அரிய பரிசு கிடைக்கும் வாய்ப்பையும் அதன் உண்மைச் செலவையும் குறித்துச் சிறுவர்களையும் மற்ற விளையாட்டாளர்களையும் தவறாக நம்பவைத்தார்கள் என்பது. வழக்கை முடிக்க அந்த நிறுவனம் 2 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. பெற்றோர் சம்மதம் இல்லாமல் பதினாறு வயதுக்குள்ளானவர்களுக்குக் குலுக்கல் விற்கக் கூடாது என்றும் அந்த உடன்பாட்டில் இருக்கிறது. அது அமெரிக்காவுக்கு மட்டும். நம் வீட்டுக் கைபேசியில் அந்தப் பூட்டை நாம்தான் போட வேண்டும், அதுவும் விளையாட்டை இறக்கும் அன்றே.